மைக்ரேனுக்கு ரத்த டெஸ்ட்டா? சி.ஆர்.பி, ஈ.எஸ்.ஆர் பத்தி எங்க லேப்ல தினமும் கேக்குற கேள்விங்க

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன லேப்ல 18 வருஷமா ரத்தம் எடுக்குற வேலை பாக்குறேன், மைக்ரேன் அதுக்கும் முன்னாடி காலேஜ் படிக்கிறப்பவே கூட வந்து ஒட்டிக்கிட்டது. நான் டாக்டர் இல்ல, என்ன மருந்து சாப்பிடலாம்னு என்னக் கேக்காதீங்க. ஆனா ட்யூப்புக்குள்ள ரத்தம் போன பிறகு என்ன நடக்குதுன்னு தெரியும், ரிப்போர்ட்ட வாங்கிட்டு வாசல்ல வேப்பமரத்தடியில நின்னு போன்ல தேடிப் பாத்துட்டு மூஞ்சி வெளிறிப்போய் திரும்ப உள்ள வர்றவங்களையும் நல்லா தெரியும். அவங்க கேட்டதத்தான் இங்க எழுதிருக்கேன்.

மைக்ரேன் இருக்கா இல்லையான்னு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடுமாக்கா?

தெரியாது. இன்னிக்குத் தேதிக்கு அப்படி ஒரு டெஸ்ட் எந்த லேப்லயும் கிடையாது, சென்னை போனாலும் இல்ல அமெரிக்கா போனாலும் இல்ல. டாக்டர் மைக்ரேன கண்டுபிடிக்கிறது நீங்க வாயால சொல்ற கதைய வச்சுத்தான். சர்வதேச தலைவலி சங்கம் 2018ல போட்ட வகைப்பாட்டுல அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, இதே மாதிரி 5 தடவையாவது வந்திருக்கணும், மருந்து போடாம விட்டா 4 மணி நேரத்துலேர்ந்து 72 மணி நேரம் வரைக்கும் நிக்கணும், ஒரு பக்கமா வலிக்கிறது, விண்ணு விண்ணுன்னு தெறிக்கிறது, வேலை செய்ய விடாத அளவுக்கு வலி, மாடிப்படி ஏறுனா கூடுறது, இந்த நாலுல குறைஞ்சது ரெண்டு இருக்கணும், அதோட குமட்டல் வாந்தி இருக்கணும் இல்லன்னா வெளிச்சமும் சத்தமும் ஆகாம போகணும். இதுல ரத்தம்ங்குற பேச்சே இல்ல பாருங்க. அதனால டாக்டர்கிட்ட போறப்ப தடிமனான ரிப்போர்ட் ஃபைல விட தலைவலி வந்த நாளையெல்லாம் பேனாவால சுழிச்சு வச்ச மாசக் காலண்டர்தான் அவருக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்.

அப்புறம் எதுக்கு டாக்டர் சி.ஆர்.பி, ஈ.எஸ்.ஆர் எல்லாம் எழுதிக் குடுத்தாரு? காசு புடுங்கவா?

எல்லா நேரமும் அப்படி நினைக்காதீங்க. சி.ஆர்.பி, ஈ.எஸ்.ஆர் ரெண்டும் உடம்புல எங்கயாவது அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன் இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட். அவரு எழுதுறது மைக்ரேன புடிக்க இல்ல, மைக்ரேன் மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு வேற ஏதாச்சும் வந்திருக்கான்னு பாக்க.

நம்ம ஊர்லயே பாருங்க, ஐப்பசி கார்த்திகையில மழை புடிச்சு வயல்ல தண்ணி நிக்கிற சமயத்துல எலிக்காய்ச்சல் வரும், ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு பூச்சிக்கடி காய்ச்சல் வரும், டெங்கு வரும், இது எல்லாமே ஆரம்பத்துல மண்டைய பொளக்குற தலைவலியாத்தான் தெரியும். நாத்து நட்டுட்டு வந்த அம்மா ஒருத்தங்க "எப்பவும் வர்ற ஒத்தத் தலைவலிதான்"னு மூணு நாளா மாத்திரையப் போட்டு ஓட்டிட்டு வந்தாங்க, சி.ஆர்.பி எகிறிக் கிடந்துச்சு, டாக்டர் உடம்பெல்லாம் தேடிப் பாத்தப்ப இடுப்புத் துணி இறுக்குற இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ். அந்தப் பொருக்கு வலிக்கவே வலிக்காது, அதான் அவங்களுக்கே தெரியல.

இன்னொன்னு 50 வயசு தாண்டுனவங்களுக்கு. பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியம்மா, எழுபது இருக்கும், வாழ்நாள்ல தலைவலின்னே படுக்காதவங்க, புதுசா ஒரு மாசமா நெத்திப்பொட்டுல வலி. சீப்பு பட்டாலே தலை வலிக்குதுங்குறாங்க. ஊசி போட கைய நீட்டிக்கிட்டே சும்மா பேச்சுவாக்குல சொன்னாங்க, "முன்ன மாதிரி வெத்தலய மெல்ல முடியலடி, நாலு மெல்லு மெல்லுறதுக்குள்ள தாட கடுத்துப்போவுது, நிறுத்துனா சரியாப்போவுது"ன்னு. அவங்க ஈ.எஸ்.ஆர் 96. டாக்டர் அன்னிக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சு தஞ்சாவூருக்கு அனுப்பிட்டாரு. நெத்திப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சின்னு பேரு, ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ்னு எழுதுவாங்க, நம்ம ஜனங்களுக்கு அபூர்வம்தான், ஆனா வந்துட்டு கவனிக்காம விட்டா கண்பார்வை போயிடும், போனது திரும்பாது. ஈ.எஸ்.ஆர் 50க்கு மேலங்குறது அந்த நோயோட பழைய அளவுகோல்கள்ல ஒண்ணு. டாக்டர் எழுதுற 10 சீட்டுல 9 நார்மல்னு வரலாம், அந்தப் பத்தாவதுக்காகத்தான் எழுதுறாரு.

சி.ஆர்.பின்னா என்ன, ஈ.எஸ்.ஆர்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. சி.ஆர்.பிங்குறது கல்லீரல் செய்யிற ஒரு புரதம். உடம்புல எங்கயாவது கிருமி, அடி, சீழ், மூட்டு அழற்சின்னு ஏதாவது நடந்தா அங்கேர்ந்து இன்டர்லூக்கின் 6னு ஒரு சிக்னல் கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் ஆறு எட்டு மணி நேரத்துக்குள்ள சி.ஆர்.பிய கொட்ட ஆரம்பிச்சிடும், ரெண்டு நாள் வாக்குல உச்சத்துக்குப் போகும், பிரச்சனை அடங்குனா கிட்டத்தட்ட 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சிக்கிட்டே வரும். இத 1930ல டில்லட், ஃப்ரான்சிஸ்னு ரெண்டு பேரு நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல கண்டுபிடிச்சாங்க, நிமோனியா கிருமியோட சி பாலிசாக்கரைடுங்குற பொருளோட போய் ஒட்டிக்கிச்சு, அதான் பேருல அந்த சி.

ஈ.எஸ்.ஆர் புரதமே இல்ல, அது ஒரு வேகம். நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், அதாவது ரத்தம் உறையாம வைக்கிற மருந்து கலந்து, 200 வரைக்கும் கோடு போட்ட மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல ஏத்தி ஸ்டாண்டுல செங்குத்தா நிறுத்தி வப்போம், ஒரு மணி நேரம் கழிச்சு சிவப்பணு எத்தன மில்லிமீட்டர் கீழ இறங்கியிருக்குன்னு பாப்போம், அவ்வளவுதான். ஆத்துத் தண்ணிய செம்புல புடிச்சு வச்சா வண்டல் அடியில படியுதுல்ல, அதே கதை. அழற்சி இருந்தா ஃபைப்ரினோஜன்னு ஒண்ணு ரத்தத்துல கூடும், அது சிவப்பணுவ எல்லாம் காசு அடுக்குன மாதிரி ஒட்ட வச்சிடும், கனம் கூடுனா வேகமா இறங்கும்ல. ஸ்வீடன்காரர் வெஸ்டர்கிரன் 1921ல சொன்ன முறைதான் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

சி.ஆர்.பி சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும். ஈ.எஸ்.ஆர் மெதுவா ஏறி வாரக்கணக்குல இழுக்கும், போன மாசம் வந்த காய்ச்சலுக்குக் கூட இன்னும் மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு நிக்கும்.

எனக்கு ஈ.எஸ்.ஆர் 42, வயசு 34. மைக்ரேனாலதான் ஏறியிருக்கா?

மைக்ரேன் தனியா நின்னு ஈ.எஸ்.ஆர இவ்வளவு தூக்காது. வேற காரணம் தேடணும், அதுல முதல்ல தேட வேண்டியது ஹீமோகுளோபின். உங்க ரிப்போர்ட்லயே பக்கத்து வரியில ஹீமோகுளோபின் 8.9னு இருக்கு, அத யாரும் பாக்கல, எல்லாரும் 42ல ஸ்டார் போட்டிருக்கே ஸ்டார் போட்டிருக்கேன்னு பதறுறீங்க. ரத்தசோகை இருந்தா சிவப்பணு குறைச்சலா இருக்குறதால சட்டுனு இறங்கிடும், ஈ.எஸ்.ஆர் பொய்யா கூடித் தெரியும். தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைக்காரங்கதான், அரசாங்க சர்வேயிலயே இருக்கு. கர்ப்பமா இருந்தாலும் கூடும், மாசவிலக்கு சமயத்துலயும் கொஞ்சம் கூடலாம், வயசானாலும் கூடும். வயசுக்குத் தகுந்த மேல்வரம்புக்கு ஒரு நாட்டுக்கணக்கு உண்டு, ஆம்பளைக்கு வயசுல பாதி, பொம்பளைக்கு வயசோட 10 கூட்டி அதுல பாதி. உங்க கணக்குக்கு 22 வருது.

இன்னொரு விஷயம் எங்க பக்கத்து தப்பு, மறைக்காம சொல்லிடுறேன். குழாய் துளி சாஞ்சாலும் ரத்தம் சரிவுல வழுக்கிக்கிட்டு இறங்கிடும், 3 டிகிரி சாய்வு போதும் நம்பர் கணிசமா ஏறிடும். சூடு கூடுனாலும் அப்படித்தான், ரூம் 18லேர்ந்து 25 டிகிரிக்குள்ள இருக்கணும்பாங்க. கத்திரி வெயில்ல மத்தியானம் கரண்டு போய் இன்வெர்ட்டர்ல ஃபேன் மட்டும் முனகிக்கிட்டிருக்கும்போது 38 டிகிரியில வச்சு எடுத்த ஈ.எஸ்.ஆர நானே நம்ப மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு இடத்துல ஸ்டாண்டோட ஒரு கால் ஒடிஞ்சு அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்திருந்தாங்க, அந்த வாரம் பூரா ஊருக்கே ஈ.எஸ்.ஆர் ஜாஸ்தி.

ஆனா மைக்ரேனே ஒரு இன்ஃப்ளமேஷன்தான்னு யூட்யூப்ல சொல்றாங்களே. அப்ப ரத்தத்துல தெரியணும்ல?

நல்ல கேள்வி, இதுக்குத்தான் கொஞ்சம் உக்காந்து எழுதணும்.

மூளைக்கு வலி தெரியாது. ஆனா மூளையச் சுத்தி இருக்குற உறைக்கும் அதுல ஓடுற ரத்தக்குழாய்க்கும் வலி தெரியும், அந்த இடத்துக்கு கம்பி இழுத்துக் குடுக்குறது ட்ரைஜெமினல்னு ஒரு நரம்பு, மூஞ்சி, பல்லு, கண்ணுக்கெல்லாம் போற அதே நரம்புதான், அதான் மைக்ரேன் வந்தா கண்ணுக்குப் பின்னாடியும் மேல் தாடையிலயும் இழுக்குது. அட்டாக் வர்றப்ப இந்த நரம்போட நுனியிலேர்ந்து சி.ஜி.ஆர்.பின்னு ஒரு பொருள் கசியும். அது ரத்தக்குழாய விரிக்கும், பக்கத்துல இருக்குற மாஸ்ட் செல்லுங்குற எதிர்ப்பு சக்தி செல்ல உசுப்பி விடும், வலிய கடத்துற நரம்புங்களோட கூச்சத்தக் கூட்டிவிடும். அதனாலதான் அந்த நேரத்துல நாடி துடிக்கிறது கூட சம்மட்டியால அடிக்கிற மாதிரி இருக்கு, தலையணையில கன்னம் பட்டா எரியுது, தலைமுடிய இறுக்கிப் பின்னியிருந்தா தாங்கல. கிருமி இல்ல, சீழ் இல்ல, நரம்பே கிளப்பிவிடுற அழற்சி. மைக்கேல் மாஸ்கோவிட்ஸ்னு ஒரு டாக்டர் 1979லயே இந்த நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த கணக்க எழுதுனாரு, அவருக்கும், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலசன்னு இன்னும் மூணு பேருக்கும் சேர்த்து 2021ல டென்மார்க்கோட பிரெய்ன் பிரைஸ் குடுத்தாங்க.

இப்ப ரத்தத்துக்கு வருவோம். கோட்ஸ்பியும் எட்வின்சனும் 1990ல ஒண்ணு பண்ணாங்க, அட்டாக்ல இருக்குறவங்ககிட்ட கழுத்து ரத்தக்குழாய்லேர்ந்தும் ரத்தம் எடுத்தாங்க, முழங்கை மடிப்புலேர்ந்தும் எடுத்தாங்க. கழுத்து ரத்தத்துல சி.ஜி.ஆர்.பி கூடியிருந்துச்சு. கையில எடுத்த ரத்தத்துல கூடல! நாங்க எடுக்குறது கையிலதான். தலையிலேர்ந்து கைக்கு வந்து சேர்றதுக்குள்ள ஊர் ரத்தத்தோட எல்லாம் கலந்து, நிமிஷக்கணக்குல சிதைஞ்சும் போயிடுது. மேட்டூர்ல தொறந்த தண்ணி கடைமடைக்கு வந்து சேருதான்னு நாம வருஷா வருஷம் பாக்குறோமே, வேதாரண்யம் பக்கத்து வாய்க்கால்ல நின்னுக்கிட்டு மேட்டூர்ல எத்தன அடின்னு சொல்ல முடியுமா? அத மாதிரிதான். அதுவும் 2005ல டென்மார்க்ல திரும்பச் செஞ்சு பாத்தப்ப கழுத்து ரத்தத்துலயே கூடுதலா தெரியல. அப்ப சி.ஜி.ஆர்.பி கதையே பொய்யான்னா இல்ல, அத ஊசி மூலமா ஏத்துனா மைக்ரேன்காரங்களுக்கு அட்டாக் வருது, அத அடைக்கிற மருந்து 2018லேர்ந்து வெளிநாட்டுல வந்து நிறைய பேருக்கு கேக்குது. பொருள் நிஜம், அளக்குறதுதான் கஷ்டம்.

சி.ஆர்.பி விஷயம் இதுக்கும் ஒரு படி தள்ளி. கல்லீரலுக்கு நியூஸ் போனாத்தான் அது சி.ஆர்.பி கொட்டும். மூளை உறையில உள்ளங்கை அகலத்துல நடக்குற சண்டை கல்லீரல் வரைக்கும் கேக்கணும்னு அவசியமில்ல.

அட்டாக் நடக்கும்போதே ரத்தம் எடுத்தா தெரியாதா?

எனக்கே எடுத்துப் பாத்தேன். போன வருஷம் மாசி மகம் முடிஞ்ச மறுநாள், ரெண்டு ராத்திரி சரியாத் தூங்கல, காலையில சாப்பிடல, பத்து மணிக்கெல்லாம் வலது கண்ணோரம் பளபளன்னு கோணல் கோணலா கோடு ஓட ஆரம்பிச்சிடுச்சு, அரை மணி நேரத்துல வலி. வாளிய பக்கத்துல வச்சிக்கிட்டு ஸ்டோர் ரூம்ல லைட்ட அணைச்சுப் படுத்துட்டேன். கூட வேலை பாக்குற பொண்ணு "அக்கா, எத்தன பேரு கேக்குறாங்க, இப்ப எடுத்துப் பாத்துடுவோமே"ன்னு அந்த இருட்டுலயே செல்போன் வெளிச்சத்த என் மூஞ்சில அடிக்காம கையில மட்டும் அடிச்சு எடுத்தா. சி.ஆர்.பி லிட்டருக்கு 1.1 மில்லிகிராம். மறுநாள் எடுத்தா 1.3. சுத்தமா நார்மல். ஆவணியில எனக்கு கடவாய்ப் பல்லுல சீழ் கட்டுச்சு, தலைவலி துளி கூட இல்ல, சிரிச்சிக்கிட்டே எடுத்துப் பாத்தோம், 34.

ஒரு ஆள வச்சு அறிவியல் சொல்ல முடியாது, தெரியும். ஆனா கவுன்ட்டர்ல நான் பாக்குறதும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஆராய்ச்சியில என்னதான் சொல்றாங்க? கூடும்ங்குறாங்களா கூடாதுங்குறாங்களா?

ரெண்டும் சொல்றாங்க. 2008ல அமெரிக்காவுல 27 ஆயிரத்துக்கு மேல பொம்பளைங்கள வச்சுப் பாத்தப்ப மைக்ரேன் உள்ளவங்களுக்கு சி.ஆர்.பி கூடுதலா இருக்குற வாய்ப்பு லேசா அதிகம்னு வந்துச்சு, லேசான்னா ரொம்ப லேசு. அடுத்த வருஷமே ஐஸ்லாந்துல ரெய்க்யாவிக் ஆய்வுல மைக்ரேன் உள்ளவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் வித்தியாசமே இல்லன்னு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வர்ற கொஞ்ச பேர வச்சுப் பண்ற சின்ன ஆய்வுங்கள்ல அதிகமா வரும். இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப் ஆல்ஃபா மாதிரி சிக்னல் பொருளும் அப்படித்தான், ஒரு ஆய்வுல கூடும், ஒண்ணுல கூடாது.

ஏன் இப்படி இழுபறின்னா சி.ஆர்.பிய தூக்குற விஷயம் நூறு இருக்கு. உடம்பு எடை முக்கியமானது, வயித்துக் கொழுப்பே இன்டர்லூக்கின் 6 செய்யும். பீடி சிகரெட், தூக்கக்குறைவு, ஈறு வீக்கம், மனச்சோர்வு, கர்ப்பத்தடை மாத்திரை எல்லாமே தூக்கும். இதுல பலது மைக்ரேன்காரங்ககிட்டயும் ஜாஸ்தி இருக்குறது, அப்ப சி.ஆர்.பி ஏறுனது மைக்ரேனாலயா எடையாலயான்னு எப்படிப் பிரிப்பீங்க.

கர்ப்பத்தடை மாத்திரைன்னு வந்ததால ஒண்ணு சொல்லிடுறேன், தலைவலிக்கு முன்னாடி கண்ணுல கோடு, மின்னல், பாதி மறையிறது இதெல்லாம் உங்களுக்கு வருதுன்னா ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைய எழுதிக் குடுக்குற டாக்டர்கிட்ட அத கட்டாயம் சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா பக்கவாத ஆபத்து கூடும்னு உலக சுகாதார நிறுவனமே வேண்டாம்னு வச்சிருக்கு. சி.ஆர்.பி நம்பர விட இது ஆயிரம் மடங்கு முக்கியம், யாரும் கேக்குறதில்ல.

ஃபுல் பாடி பேக்கேஜ்ல ஹெச்.எஸ் சி.ஆர்.பி 3.8னு வந்திருக்கு, சிவப்பு எழுத்துல. தலைக்குள்ள இன்ஃப்ளமேஷன்னு அர்த்தமா?

இல்ல. ஹெச்.எஸ்ங்குறது அதே சி.ஆர்.பிதான், ரொம்ப சின்ன அளவக் கூட புடிக்கிற முறை. அதுக்கு இருக்குற 1, 3ங்குற எல்லைக்கோடு இதயத்துக்காக 2003ல அமெரிக்காவுல வச்சது, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ குறைஞ்ச ரிஸ்க், 1லேர்ந்து 3 நடுத்தரம், 3க்கு மேல கூடுதல். தலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. டெஸ்ட் எடுத்த வாரம் சளி புடிச்சிருந்தாலே 3.8 வந்துடும். 10க்கு மேல போனா அத இதய ரிஸ்க்குக்கு எடுத்துக்கவே கூடாது, உடம்பு சரியான பிறகு திரும்ப எடுக்கணும்.

அதோட யூனிட்டப் பாருங்க, தயவுசெஞ்சு யூனிட்டப் பாருங்க. சில லேப்ல லிட்டருக்கு மில்லிகிராம்னு போடுவாங்க, சில லேப்ல டெசிலிட்டருக்கு. டெசிலிட்டருக்கு 0.6னா லிட்டருக்கு 6. மன்னார்குடி தம்பி ஒருத்தர் ஒரு லேப்ல 0.5, எங்ககிட்ட 5, "பத்து மடங்கு ஏறிடுச்சுக்கா"ன்னு நடுங்கிக்கிட்டே வந்தாரு. ஏறவே இல்ல தம்பி, அதே நம்பர்தான்.

ஒரு சில இடத்துல பழைய முறையில ஸ்லைடு மேல சொட்டு விட்டு ஆட்டிப் பாத்து பாசிட்டிவ் நெகட்டிவ்னு மட்டும் போடுவாங்க. அதுல நெகட்டிவ்னா லிட்டருக்கு 6 அளவுக்குக் கீழன்னு எடுத்துக்கலாம், அதுக்கு மேல அதுல ஒண்ணும் சொல்ல முடியாது.

சி.ஜி.ஆர்.பி, இன்டர்லூக்கின் 6 இதெல்லாம் தனியா டெஸ்ட் பண்ணிக்கலாமா?

இன்டர்லூக்கின் 6 பண்றாங்க, கொரோனா சமயத்துல டி டைமர், ஃபெரிட்டினோட சேர்த்து ஆளுக்கு ஆள் எழுதுனாங்களே அதேதான், விலையும் ஜாஸ்தி. மைக்ரேனுக்கு அத எடுத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, அந்தக் காசுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு பாத்துக்கிட்டு மிச்சத்துல நல்ல மீனா வாங்கிட்டுப் போங்க. சி.ஜி.ஆர்.பி எல்லாம் ஆராய்ச்சிக்கூட சமாச்சாரம், ரத்தம் எடுத்த நிமிஷமே குளிர வச்சு சிதையாம மருந்து கலந்து வைக்கணும், நம்ம ஊரு டவுன் பஸ்ல ஐஸ் டப்பாவுல வர்ற சாம்பிளுக்கு அது ஆகாது.

நாப்ராக்ஸன் போட்டா எனக்கு கேக்குது. இன்ஃப்ளமேஷன் மாத்திரைதானே அது? அப்ப இன்ஃப்ளமேஷன் இருக்குன்னுதானே அர்த்தம்?

அது புரோஸ்டாகிளான்டின்னு ஒரு பொருள் உண்டாகுறதத் தடுக்குது, வலிய குறைக்குது. அந்தந்த இடத்துல நடக்குற விஷயம். மாத்திரை கேட்டுச்சுங்குறதால ரத்தத்துல சி.ஆர்.பி கூடியிருந்துச்சுன்னு ஆகாது, மாசவிலக்கு வலிக்கும் கூடத்தான் மாத்திரை கேக்குது.

இதுல நான் பாக்குற நிஜமான பிரச்சனை வேற. மெடிக்கல்ல போய் "தலைவலி மாத்திரை குடுங்க"ன்னு ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா வாங்கிப் போடுறது. சாதா வலி மாத்திரைய மாசத்துல 15 நாள் இல்ல அதுக்கு மேல, மைக்ரேனுக்குன்னே இருக்குற டிரிப்டான் வகை மாத்திரைய இல்லைன்னா ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைய 10 நாள் இல்ல அதுக்கு மேல, இப்படி மூணு மாசத்துக்கு மேல போட்டா மாத்திரையே தலைவலிய கொண்டு வரும். அப்ப இன்னும் ஒண்ணு போடத் தோணும். எங்க தெருவுல ஒரு டெய்லர் அண்ணன் மாசம் 25 நாள் போட்டுக்கிட்டிருந்தாரு, சி.ஆர்.பி நார்மல்னு ரிப்போர்ட்டக் காட்டி "பாரு, உடம்புல ஒண்ணுமில்ல"ங்குறாரு. கிரியாட்டினின் எடுத்துப் பாத்தப்பதான் கிட்னி முனகுறது தெரிஞ்சுது.

மஞ்சப் பால், பூண்டு, மீன் இதெல்லாம் சாப்பிட்டா சி.ஆர்.பி மாதிரி மார்க்கர் குறைஞ்சு மைக்ரேனும் குறையுமா?

மஞ்சள்ல இருக்குற குர்குமின் உடம்புல ரொம்பக் கம்மியாத்தான் சேரும், குழம்புல போடுற அளவுக்கு மைக்ரேன் குறையும்னு நான் சொல்ல மாட்டேன். நல்லதுக்கு சாப்பிடுங்க, யாரு வேணாம்னா.

மீனுக்கு மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கு. 2021ல அமெரிக்காவுல 182 பேர வச்சு 16 வாரம் ஒரு சோதனை, ஒமேகா 3 மீன் கொழுப்ப கூட்டி, லினோலிக் அமிலம் உள்ள எண்ணெய குறைச்சவங்களுக்கு மாசத்துல தலைவலி நாள் மத்தவங்கள விட 4 நாள் கிட்ட குறைஞ்சுது, மீன மட்டும் கூட்டுனவங்களுக்கு 2 நாள் கிட்ட. லினோலிக் அமிலம் ஜாஸ்தி இருக்குறது சூரியகாந்தி, சோயா, சோள எண்ணெய்ல. அவங்க அளந்து சமைச்ச சாப்பாட்டோட குடுத்தாங்க, வாரத்துல ஒரு நாள் மத்திக் குழம்பு வச்சா அந்த அளவு வராது. இருந்தாலும் நாகப்பட்டினத்துலேர்ந்து காலையில வர்ற மத்தி கூடைய பாத்தா நான் விடுறதில்ல, விலையும் கம்மி.

இது சைனஸ்தான், பித்தம்தான்னு வீட்டுல சொல்றாங்க.

எனக்கும் எங்க அத்தை எட்டு வருஷம் பித்தம்னு எலுமிச்சம்பழமா புழிஞ்சு குடுத்தாங்க, வாந்தி எடுத்தா மஞ்சத் தண்ணி வருதுல்ல அதனால. சைனஸ்னா சளி கெட்டியா மஞ்சளா வரும், காய்ச்சல் இருக்கும், சி.ஆர்.பி கூடலாம். வருஷத்துல இருவது தடவை சைனஸ் வருது, ஒவ்வொரு தடவையும் வாந்தி வருது, இருட்டு ரூம் தேடுதுன்னா அது மைக்ரேனான்னு ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

ரிப்போர்ட்டுக்காக காத்திருக்காம எப்ப ஓடணும்?

இடி விழுந்த மாதிரி நிமிஷத்துல உச்சத்துக்குப் போற தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைக்கிறது, பேச்சு குழறுறது, கை கால் ஒரு பக்கம் சோர்றது, வலிப்பு, பார்வை போறது, பிரசவம் ஆன கொஞ்ச நாள்ல புதுசா வர்ற பயங்கர வலி, தலையில அடிபட்ட பிறகு வர்றது. இதுல எதுவா இருந்தாலும் லேப்புக்கு வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க, 108அக் கூப்பிடுங்க. சி.ஆர்.பி எடுக்குற ஒரு மணி நேரத்தக் கூட வீணாக்காதீங்க.

டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணுமா?

சி.ஆர்.பிக்கும் ஈ.எஸ்.ஆருக்கும் வேண்டவே வேண்டாம். சக்கரை, கொழுப்பு சேர்த்து எழுதியிருந்தா மட்டும் போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க. மைக்ரேன்காரங்களுக்கு பட்டினியே பாதி அட்டாக். நீடாமங்கலத்துலேர்ந்து ஒரு பொண்ணு, டீச்சர், யாரோ சொன்னாங்கன்னு முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம, காபியும் குடிக்காம, ஜன்னலோரத்துல வெயில் மூஞ்சில அடிக்க அடிக்க பஸ்ல வந்து இறங்குச்சு, டோக்கன் வாங்குறதுக்குள்ள கண்ணு இருட்டி பெஞ்சுலயே சாஞ்சிடுச்சு. சீட்டப் பாத்தா ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, ஹீமோகுளோபின், அவ்வளவுதான். நான் என்னோட ஸ்டோர் ரூமத் தொறந்து விட்டு, எதிர்த்த கடையில ரெண்டு இட்லியும் ஒரு காபியும் சொல்லி, அது சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்கி எழுந்திரிச்ச பிறகுதான் ஊசிய எடுத்தேன்.